யானைக்கு ஒரு டார்ச், மாத்திரைக்கு ஒரு டார்ச்

டார்ச் லைட் வாங்குவதில் நம்மில் பெரும்பாலோர் தப்புக் கணக்குப் போடுகிறோம் என்று சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பேப்பரில் வரும் மழையளவுப் பட்டியலில் எங்கள் தேவாலா முதல் வரிசைக்கு வந்துவிடும். அதோடு கூடவே கரண்டும் போய்விடும். மரம் விழுந்தால் ராத்திரி முழுக்க இருட்டுதான். அதனால் இங்கே டார்ச் இல்லாத வீடு கிடையாது.

போன வருஷம் ஆடி மாதத்தில் அப்படி ஒரு ராத்திரி. என் மனைவிக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வேண்டும். பேரன் வாங்கிக் கொடுத்த புது டார்ச்சை எடுத்தேன். "ஒரு கிலோமீட்டர் அடிக்கும் தாத்தா" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது. மாத்திரை அட்டையின் பின்புறம் வெள்ளி நிறத் தகடு. அதில் வெளிச்சம் பட்டதும் கண்ணாடியில் வெயில் அடித்த மாதிரி கண் கூசிவிட்டது. எழுத்து தெரியவில்லை. கை நிதானத்தில் ஒரு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

நடுராத்திரி ஒரு மணிக்கு, "என்னங்க, படபடன்னு வருது" என்று எழுப்பினாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. சாப்பாட்டுக்கு முன் போட்ட சர்க்கரை மாத்திரையையே நான் இரண்டாம் தடவை கொடுத்திருந்தேன்! குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்துவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. குற்றம் என்னுடையதுதான். ஆனால் அந்தக் குற்றத்தில் டார்ச்சுக்கும் பங்கு உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. 'எக்லேரே' என்றால் வெளிச்சம் காட்டுவது. விளங்க வைப்பது என்றும் அதற்குப் பொருள். 'எப்லூயீர்' என்றால் கண்ணைக் கூச வைப்பது. பார்ப்பவரை அசத்துவது என்றும் பொருள். இன்று கடைகளில் விற்கும் டார்ச்சுகளில் பாதிக்குமேல் இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. கடைக்காரர் எதிர்க்கடைச் சுவரில் அடித்துக் காட்டுகிறார், நாமும் அசந்துபோய்ப் பணத்தை எடுக்கிறோம். மாத்திரை அட்டையைக் கையில் வைத்து அடித்துப் பார்த்து வாங்கியவர் யாராவது உண்டா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு மெழுகுவர்த்தி தரும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய 12 லூமன். 1000 லூமன் டார்ச் என்றால் எண்பது மெழுகுவர்த்திகளுக்குச் சமம். அத்தனையையும் ஒரே கற்றையாக்கி மூக்குக்கு முன்னால் பிடிக்கிறோம். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். ஒரு மீட்டரில் இருக்கும் வெளிச்சம் கால் மீட்டரில் பதினாறு மடங்கு. கைக்கெட்டும் தூரத்து வேலைக்கு, பரவலாக விழுகிற 30 முதல் 50 லூமன் தாராளம்.

"வயசானவங்களுக்குத்தான் சார் அதிக வெளிச்சம் வேணும்" என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மைதான். இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது என்கிறார்கள். ஆனால் நம் கண்ணின் லென்ஸ் மங்கி, வருகிற ஒளியைச் சிதறவும் அடிக்கிறது. அதனால் கூச்சமும் நமக்குத்தான் அதிகம். நமக்கு வேண்டியது சீராகப் பரவுகிற வெளிச்சம். ஒரே புள்ளியில் குத்துகிற வெளிச்சம் நமக்கு ஆகாது. தவிர, ஒரு தடவை கண் கூசிவிட்டால் மறுபடி இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் பாத்ரூம் படியில் தடுக்கி விழலாம்.

அடுத்தது நிறம். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல விளக்கு. அதன்மேல் மஞ்சள் பூச்சு. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள், தகும். ஆனால் மலிவான டார்ச்சில் சிவப்பு குறைவு. சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒன்றுபோல் தெரியும். அட்டை கடித்த காலில் ரத்தமும் சேறும் ஒன்றாகவே தெரியும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருந்தால் அது 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. 3000-லிருந்து 4000 வரை இருந்தால் கண்ணுக்கு இதம். பழைய பித்தளை டார்ச்சின் மஞ்சள் பல்பில் எல்லா நிறமும் சரியாகத் தெரிந்தது. ஆனால் அது கட்டையைத் தின்றுவிடும். அதற்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

இன்னொரு கொடுமை, பட்டன். அழுத்தினால் முதலில் முழு வெளிச்சம், அடுத்து பாதி, அப்புறம் மின்னல் மாதிரி வெட்டுகிற வெளிச்சம். மூன்று தடவை அழுத்தினால்தான் அணையும். நடுராத்திரியில் தூங்குகிறவர் முகத்தில் மின்னல் அடிக்க வேண்டுமா? குறைந்த வெளிச்சத்தில் தொடங்குகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

செல்போன் விளக்கு போதும் என்பவர்களுக்கு: கரண்ட் இல்லாத ராத்திரியில் போனில் சார்ஜ் இருப்பது ஆபத்துக்கு. அதோடு ஒரு கை அதற்கே போய்விடுகிறது. ஃபியூஸ் கம்பியை ஒற்றைக் கையால் கட்ட முடியுமா? நெற்றியில் கட்டும் விளக்கோ கழுத்தில் மாட்டும் விளக்கோ இருந்தால் இரண்டு கையும் நம்முடையது.

தூரம் அடிக்கும் டார்ச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இது யானை நடமாடும் ஊர். கதவைத் திறக்குமுன் பாதையின் கோடி வரை பார்க்கத்தான் வேண்டும். அந்த வேலைக்குப் பேரன் வாங்கித் தந்தது சரி. அதை வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மாத்திரை டப்பாவுக்குள் சின்ன டார்ச் ஒன்று, எந்தக் கடையிலும் கிடைக்கும் பென்சில் கட்டை போடுவது. மருந்து பாட்டிலின் பால்வெள்ளை மூடி ஒன்றை அதன் வாயில் செருகியிருக்கிறேன். வெளிச்சம் பரவலாக விழுகிறது. தகடு கூசுவதில்லை.

1880 வாக்கில் இந்தத் தேவாலாவில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று நம்பி லண்டனில் கம்பெனிகள் ஆரம்பித்துப் பணத்தைக் கொட்டினார்கள். சில வருஷங்களில் எல்லாம் முடிந்தது. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதை நம் ஊர் அப்போதே பார்த்துவிட்டது. டார்ச் வாங்கும்போதாவது அது நமக்கு ஞாபகம் வரட்டும்.