காவல் வேறு, கருவூலம் வேறு

நம் இல்லத்தாரின் நோய்க்குறிப்புகளை மருத்துவமனைகள் பிளாக்செயின் என்னும் கணினித் தொடரேட்டில் சேமித்தல் தகுமோ? ஒரே ஏட்டின் படிகள் பல கணினிகளில் இருப்பதால், எவரும் அதை மறைவாகத் திருத்த இயலாது. அவ்வுறுதியே இங்கு இடருமாகிறது. மகளின் மனநோய்ச் சிகிச்சையோ தந்தையின் காசநோயோ அதில் ஏறிவிட்டால், பின்னர் அழித்தல் அரிது. பிழையாக எழுதியதும் நிலைத்துவிடும்.

எஸ்தோனியா நாடு வேறு வழி கண்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் குறிப்புகளை இம்முறையால் காக்கும் திட்டம் 2016-இல் அங்கே அறிவிக்கப்பட்டது. குறிப்புகள் தனிக் கருவூலத்திலேயே இருக்கும். அவற்றிலிருந்து கணித்தெடுத்த முத்திரை மட்டுமே தொடரேட்டில் பதியும். ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. முத்திரையைக் கொண்டு குறிப்பை வாசிக்கவும் முடியாது.

தொடரேட்டைக் காவலனாக ஏற்போம். நம் இரகசியங்களின் கருவூலமாக்க வேண்டாம்.