கால்சட்டைக்குக் கேட்காத ஃபத்வா நீச்சல் குளத்துக்கு மட்டும் ஏன்?



நம் சமுதாயத்தவர் நடத்தும் கலைக்கல்லூரி ஒன்றிலிருந்து சென்ற மாதம் நமக்கு அழைப்பு வந்தது. அடுத்த கல்வியாண்டில் எந்த விளையாட்டுகளைப் புதிதாகச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்திருந்தார்கள். வளைகுடாவில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் திரட்டி அனுப்பிய நிதி கையில் இருந்தது. உடற்கல்வி இயக்குநர் நான்கு திட்டங்களை முன்வைத்தார்: கிரிக்கெட்டுக்கு டர்ஃப் ஆடுகளம், நீச்சல் குளம், வில்வித்தை, வாள்வீச்சு. கிரிக்கெட்டைப் பற்றி நம்மிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. வில்லும் வாளும் ஒரு புன்னகையோடு கடந்து போயின. நீச்சல் குளம் என்றதும் தாளாளர் நம் பக்கம் திரும்பினார். "ஹஜ்ரத், பெண் பிள்ளைகளும் படிக்கிற இடம். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டீர்களானால் பேச்சு முடிந்துவிடும்" என்றார்.

பேச்சை முடிப்பதற்காகவே நம்மை அழைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அந்த வரியை நாம் எழுதிக் கொடுக்கவில்லை. இதே வரியை வேறு ஊர்களில் வேறு ஆலிம்களிடமும் கேட்பார்கள் என்பதால், மறுத்ததற்கான காரணத்தை எல்லோரும் படிக்கும் இடத்தில் வைக்கிறோம்.

முதலில் அவ்ரத் என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். அந்தக் கூட்டத்தில் அதிகம் அடிபட்ட சொல் அதுதான். அந்தக் கல்லூரியின் கால்பந்து அணி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடி வருகிறது. மாணவர்கள் அணியும் கால்சட்டை முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலைப்பாடு. தொடையும் அதில் அடக்கம். இந்த இருபது ஆண்டுகளில் ஒரு நாளாவது அந்தக் கால்சட்டைக்கு ஃபத்வா கேட்டு எவரேனும் மதரஸாவின் வாசலுக்கு வந்ததுண்டா? ஆண் பிள்ளையின் தொடை வெயிலில் ஓடும்போது உறங்கிக்கொண்டிருந்த நமது பேணுதல், பெண் பிள்ளைக்கு ஒரு மூடிய குளம் கட்டலாமா என்றவுடன் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறது. இதற்குத் தக்வா என்று பெயர் சூட்ட நமக்கு மனம் ஒப்பவில்லை.

இனி நீச்சலைப் பற்றிய மார்க்கத்தின் நிலை. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் கூற்றின் அறிவிப்புத் தொடரில் பேச்சு உண்டு; ஆகவே அதை நாம் ஆதாரமாக நிறுத்தவில்லை. அது தேவையுமில்லை. அல்லாஹ்வின் நினைவோடு சேராதவை எல்லாம் வீண் விளையாட்டு என்று கூறி, அதிலிருந்து நான்கு காரியங்களை நபி (ஸல்) அவர்கள் விலக்கியதாக இமாம் நஸாயீ (ரஹ்) அவர்களின் பெரிய ஸுனனில் ஒரு ஹதீஸ் இடம்பெறுகிறது. இரு இலக்குகளுக்கிடையே நடந்து அம்பெய்யப் பழகுவது, குதிரையைப் பயிற்றுவிப்பது, மனைவியோடு விளையாடி மகிழ்வது, நீச்சல் கற்றுக்கொள்வது ஆகியவையே அந்த நான்கு. பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அது ஆணுக்கு மட்டும் உரியது என்று விளக்கவுரை எழுதிய இமாம் எவரையும் நாம் படித்ததில்லை. ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல் முறை அன்னையார் வென்றதும், பின்னொரு பயணத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. வழித்துணையாக வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஓடினார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஓட்டத்தைத் தடுக்காமல் பார்வையாளரை அகற்றினார்கள். நாம் நேர்மாறாகச் செய்கிறோம். பார்வையாளர் எல்லோரையும் இருத்தி வைத்துவிட்டு ஓடுகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று நம் மக்களின் பேரூர்கள் கடலை ஒட்டியே அமைந்தவை. மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்து விளக்குவார்கள். கப்பலோட்டி வாணிகம் செய்தவர்களின் பேரர்கள் இன்று இடுப்பளவு நீரில் தத்தளிக்கிறார்கள். பேத்திகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் கொண்டுபோயிற்று. நீந்தவும் மரமேறவும் பெண்கள் பழக்கப்படாததும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். அவ்வளவு பெரிய அலையின் முன் நீச்சல் எத்தனை பேரைக் காத்திருக்கும் என்று கேட்கலாம், நியாயந்தான். ஆனால் ஊருணியிலும் கிணற்றிலும் ஆற்றுப் படித்துறையிலும் போகும் உயிர்களுக்கு அலை ஒன்றும் தேவையில்லை. 2021 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்று மதரஸாவில் பாடம் நடத்துகிற நாமே, உயிர் காக்கும் கலை ஒன்றுக்குத் தடையெழுத்து எழுத வேண்டுமா?

குளத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை எழுதித்தான் கொடுத்தோம். பெண்களுக்கு முற்றிலும் தனியான நேரம், நான்கு புறமும் உயர்ந்த சுவர், மேற்கூரை, பெண் பயிற்றுநர், பெண் உயிர்காப்பாளர், வாயிலிலேயே கைப்பேசிகளை வாங்கி வைத்தல், உடலை மூடிய நீச்சலுடை. பெண்கள் பெண்களோடு இருக்கையில் அவ்ரத் பற்றிய சட்டம் ஆண்கள் முன்னிலையில் உள்ள அளவுக்கு நெருக்கமானதன்று என்பதை ஃபிக்ஹின் தொடக்க நூல்களை ஓதியவரும் அறிவார். ஆண் பிள்ளைகளுக்கும் முழங்கால் மறையும் உடை கட்டாயம் என்று அதே தாளில் சேர்த்தோம். அந்த வரியைப் படித்தபோதுதான் குழுவில் சிலருக்கு முகம் சுளித்தது.

பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும் நீச்சல் போட்டிகளுக்கு நம் மாணவியரை அனுப்பச் சொல்லவில்லை. அது கூடாது என்பதே நமது கருத்து. குளம் பதக்கத்துக்காக அன்று, பிள்ளைகள் மூழ்காமல் இருப்பதற்காக. பல்கலைக்கழகப் போட்டிகளுக்குப் போக விரும்பும் மாணவியருக்குத்தான் மற்ற இரண்டும்.

அவற்றில் வில்வித்தையைச் சேர்க்க நம் கல்லூரிகள் ஏன் இத்தனை காலம் தயங்கின என்பது நமக்குப் புரியாத ஒன்று. உங்களால் இயன்ற பலத்தைத் திரட்டி வையுங்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தை மிம்பரில் ஓதிய நபி (ஸல்) அவர்கள், பலம் என்பது எய்வதே என்று மூன்று முறை கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கற்ற பின் அதைக் கைவிடுவதையும் கண்டித்திருக்கிறார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கு இளமையில் ஆசை இரண்டு, அம்பெய்தலும் கல்வியும். பத்து அம்பு எய்தால் பத்தும் இலக்கில் தைக்கும் என்பார்கள். அந்த இமாமின் மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்களில் ஒரு வில்லைப் பார்க்க முடியவில்லை. ஒலிம்பிக்கில் ரிகர்வ் வில்லுக்கு இலக்கு 70 மீட்டர் தொலைவில். உள்ளரங்கில் 18 மீட்டர் போதும். ஓட்டமும் உடல்மோதலும் இல்லாத விளையாட்டு. முக்காடும் நீண்ட உடையும் அணிந்தே எய்யலாம். நாணில் சிக்காமல் இழுத்துக் கட்டிக்கொண்டால் ஆயிற்று.

வாள்வீச்சைக் குழுவில் சிலர் மேல்நாட்டுப் பகட்டு என்றார்கள். ஒரு நீண்ட வகுப்பறையைக் காலி செய்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்; 14 மீட்டர் நீளக் களம், இரண்டு மீட்டருக்கு மேற்படாத அகலம், அவ்வளவுதான். அதன் உடையோ முகக்கவசம் உட்பட உடல் முழுவதையும் மூடுகிறது. அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபோடு களமிறங்கி 2016 ரியோ ஒலிம்பிக்கில் சேபர் அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். உடலை மூடிய உடை என்பதாலேயே பெற்றோர் அவருக்கு இந்த விளையாட்டைத் தேர்ந்தார்கள். பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே வாள் வீசினார். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையின் பவானி தேவி, பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் எஞ்சியிருந்த வாள்வீச்சில் சேர்ந்தவர். மூங்கில் குச்சிகளால் பழகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சாளர் ஆனார். மூங்கிலில் தொடங்கிய ஒன்றைப் பகட்டு என்பது பொருந்தாது. (சிலம்பத்தையும் சேர்க்கலாமே என்றோம். அது கந்தூரி ஊர்வலச் சமாசாரம் என்றார் ஒருவர். கந்தூரி வழக்கை இங்கே இழுக்க விரும்பவில்லை. கம்பு என்ன குற்றம் செய்தது என்று மட்டும் கேட்டுவைத்தோம்.)

போட்டிக்கு வெளியூர் போகையில் மஹ்ரம் துணை என்ற கேள்வி உண்மையானது. அதை நாம் தட்டிக் கழிக்க மாட்டோம். தந்தையோ சகோதரனோ உடன் செல்லட்டும், அவர்களுடைய பயணச் செலவைக் கல்லூரி ஏற்கட்டும். கிரிக்கெட் அணி வெளியூர் செல்லும்போது உடன் போகிற நிர்வாகிகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

எல்லா விளையாட்டுக்கும் நாம் ஆம் என்று தலையாட்டவில்லை. குத்துச்சண்டையையும் சேர்க்கலாம் என்று இளைய விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். 2022 இலும் 2023 இலும் உலகப் பட்டம் வென்ற நிஜாமாபாத்தின் நிகத் ஸரீனை எடுத்துக் காட்டினார். அந்தச் சகோதரியின் உழைப்பைச் சிறுமைப்படுத்த நமக்குத் தகுதியில்லை. ஆயினும் முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். முகத்தையும் தலையையும் குறிவைக்கும் ஒன்றை ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, நம் கல்லூரி கற்பிக்கக் கூடாது. அவர் வருத்தப்பட்டார். என்ன செய்வது?

கிரிக்கெட் ஹராம் அன்று. ஆனால் பதினொருவர் ஆட, ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க, சுற்றிலும் பந்தயக் காசு புரளும் ஒன்றுக்கு வக்ஃபு மனப்பான்மையோடு வந்த நிதியில் பெரும்பங்கைக் கொட்டுவது சரியா? ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் மட்டுமே பந்தயப் பரிசுக்கு அனுமதி என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பதை வைத்து ஃபுகஹாக்கள் எவ்வளவு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்! எந்த விளையாட்டுக்கு முன்னுரிமை என்பதற்கு அதிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது.

கூட்டத்தின் இறுதியில் நாம் ஒன்று கேட்டோம்: மாணவியரிடம் கேட்டீர்களா? அந்தக் கல்லூரியில் சரிபாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1972 இல் வந்த சட்டத்துக்குப் பின், பெண்களுக்கு விளையாட்டில் உரிய பங்கும் அவர்களது விருப்பத்துக்கு மதிப்பும் தரப்படுகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஷூரா என்ற சொல்லைத் திருக்குர்ஆனில் ஓதுகிற நம்மவர் குழுவிலோ ஒரு பெண் கூட இல்லை. கருத்துக் கேட்கும் தாள் ஒன்றும் சுற்றுக்கு விடப்படவில்லை. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து நம்மையும் விலக்கிக்கொள்ள முடியாது. நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் ஆண் பிள்ளைகளுக்கே அஸருக்குப் பின் பந்து உதைக்க ஒரு முற்றம்தான் இருக்கிறது. பெண்கள் பிரிவுக்கு அதுவும் இல்லை. பத்தாண்டுகளாக அங்கே இருந்தும் அதைப் பற்றி நாம் வாய் திறந்ததில்லை.

எழுத்து மூலமான பதிலை அனுப்பிய நான்காம் நாள் தாளாளர் அலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், நீங்கள் எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் குளத்துக்குப் பராமரிப்புச் செலவு அதிகம். மாதாமாதம் யார் தருவது?" என்றார். முதல் நாளே அவர் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். செலவு ஒரு நியாயமான காரணம். அதை அதன் பெயரிலேயே சொல்லலாம், அதற்கு ஷரீஅத்தின் போர்வை வேண்டியதில்லை. குளம் கட்ட வசதியில்லை என்றால் கட்ட வேண்டாம் என்றோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல மாவட்டத் தலைநகரங்களில் நீச்சல் குளங்கள் நடத்துகிறது. வாரத்தில் இரண்டு நாள், பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர முடியுமா என்று விண்ணப்பம் எழுதிக் கேட்கட்டும். பேருந்துக் கட்டணமும் பயிற்றுநர் ஊதியமும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரட்டும். வருகிற சனிக்கிழமை லுஹருக்குப் பின் உட்காருவதாகப் பேசியிருக்கிறோம். இம்முறை பேராசிரியைகள் இருவரையும் மாணவியரின் தாய்மார் சிலரையும் அழைக்கச் சொல்லியிருக்கிறோம்.

வல்லாஹு அஃலம்.