ஹோட்டலில் தோழன், வீட்டில் யார்?

சென்ற வாரம் ஒரு நாள் மாலை நாமும் நமது தோழர்கள் நால்வருமாக ஒரு ஜில்லாத் தலைநகரில் உள்ள பெரிய ஹோட்டல் ஒன்றுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். ஐவரும் ஐந்து விதமான பிறப்பு. ஒருவர் இஸ்லாமியர். ஒருவர் ஆதிதிராவிட வகுப்பில் பிறந்து, உபாத்தியாயராக இருப்பவர். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் இருக்கின்ற ‘நல்ல’ ஜாதிகள்தான். ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். ஒருவர் தோசையை மற்றொருவர் பிய்த்துத் தின்றார். ஒரே கிண்ணத்துக் குழம்பை ஐந்து கைகள் ஊற்றிக் கொண்டன. யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. அடுப்பின் முன் நின்று வெந்தவன் எந்தக் குலம், எந்தக் கோத்திரம் என்று நாமும் விசாரிக்கவில்லை. பணத்தைக் கொடுத்தோம், ஏப்பம் விட்டோம், வெளியே வந்தோம்.

வாசலில் வெற்றிலை போட்டுக் கொண்டிருக்கும்போது ஒரு தோழர் மிகுந்த சந்தோஷத்துடன், “பார்த்தீர்களா, ஜாதி ஒழிந்து போய்விட்டது. இனி நமக்குப் பிரசாரம் செய்ய என்ன இருக்கிறது?” என்றார். உபாத்தியாயத் தோழர் சிரித்தார். “அண்ணே, நாம் சிநேகமாகி இருபது வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டுத் திண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டு அடுப்படி கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்பது மட்டும் இன்னும் தெரியாது” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாம் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்போம். சிரித்துக் கொண்டு சொன்னபடியால் யாருக்கும் வாய் எழவில்லை.

மற்றவரைச் சொல்லுவானேன்? நம் யோக்கியதை மாத்திரம் என்ன? அவர் நமது வீட்டில் எத்தனையோ தடவை காப்பி சாப்பிட்டிருக்கின்றார். அதை ஒரு பெருமையாகவே நாம் நினைத்திருந்தோம். ஆனால் அவர் தமது வீட்டுக்குச் சாப்பிட வரும்படி கூப்பிட்டபோதெல்லாம், ‘ஆகட்டும், இன்னொரு நாள்’ என்று நாம் சொல்லி வந்தோமே, அந்த இன்னொரு நாள் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கின்றது? இதை யோசிக்கும்போதுதான் ஹோட்டல் சமத்துவம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டியது அவசியம் என்று தோன்றிற்று.

முதலாவதாக, இந்த ஹோட்டல் மேஜை நமக்கு யாருடைய கருணையினாலும் கிடைத்ததல்ல என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். இந்த நாட்டில் காப்பிக் கடை என்று ஒன்று ஏற்பட்ட காலத்திலேயே அதன் நடுவில் ஒரு தட்டியும் ஏற்பட்டுவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் ‘பிராமணாள்’. இந்தப் பக்கம் ‘இதராள்’. ஆதிதிராவிடருக்கோ எந்தப் பக்கமும் இல்லை, தெருதான். சர்க்கார் வரிப் பணத்திலும், எல்லா ஜாதியாரும் வாங்குகின்ற டிக்கட் பணத்திலும் ஓடிய ரயிலின் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்து, கிளர்ச்சி செய்த பிறகே 1941ல் ஒழிந்தது. தேச விடுதலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதற்காக என்று ஊராரிடம் பணம் வசூலித்து நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடப்பட்டதும், அதனால் 1924, 1925ம் வருஷங்களில் நாடே இரண்டுபட்டதும் எல்லாரும் அறிந்த சங்கதி. சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும், 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் ‘பிராமணாள்’ என்ற எழுத்தை எடுக்கும்படி மறியல் செய்து நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. அண்டை நாடாகிய மலையாளத்தில் 1917ல் செறாயி என்னும் ஊரில் சகோதரன் அய்யப்பன் அவர்கள் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிடச் செய்ததற்காக அவரது சொந்த ஜாதியாரே அவரைப் ‘புலையன் அய்யப்பன்’ என்று பழித்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக் கொண்டார்.

நிற்க. 1950ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு கடை, உணவு விடுதி, ஹோட்டல் ஆகியவற்றில் ஜாதி மதம் பார்த்து ஒருவனைத் தடுக்கக் கூடாது என்று சொல்லுகிறது. 17வது பிரிவு தீண்டாமையையே ஒழித்ததாகச் சொல்லுகிறது. 1955ல் வந்த சட்டமோ, ஹோட்டலில் உள்ள பாத்திரத்தைத் தொடவிடாமல் தடுப்பதும் குற்றம் என்கிறது. இவ்வளவும் இருந்தும் சில கிராமங்களில் டீக்கடைக்காரன் என்ன செய்கின்றான்? முன்பு சிரட்டை, பின்பு தனிக் கிளாஸ், இப்போது ஊர்க்காரனுக்குக் கண்ணாடிக் கிளாஸ், சேரிக்காரனுக்குக் குடித்ததும் எறிகின்ற காகிதக் கோப்பை. கேட்டால் ‘சுகாதாரம்’ என்கின்றான். சேரிக்காரன் உதட்டுக்கு மாத்திரம் வேண்டியிருக்கின்ற இந்தச் சுகாதாரம் எந்த வைத்தியன் கண்டுபிடித்தது என்று கேட்கின்றோம்.

பட்டணத்தில் பலகை எடுபட்டு விட்டதே என்று சிலர் சொல்லலாம். பலகை எடுபட்டது உண்மைதான். ஆனால் ஆணி சுவரிலேயே இருக்கின்றது; வேறு பலகை மாட்டுவதற்குக் காத்திருக்கின்றது. 2024 ஜூலையில் ஐக்கிய மாகாணமாக இருந்த உத்திரப் பிரதேசத்தில், காவடி யாத்திரைப் பாதையில் உள்ள சாப்பாட்டுக் கடைகளெல்லாம் சொந்தக்காரன் பெயரை வெளியே எழுதிப் போட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. சோற்றுக்குப் பெயர் எழுதினால் சாப்பிடுகிறவனுக்குப் பிரயோஜனம் உண்டு. சோறு போடுகிறவன் பெயர் எதற்கு? அவன் முஸ்லீமா, அல்லது பறையனா சமாரா என்று மோந்து பார்ப்பதற்குத் தவிர வேறு எதற்கு? சுப்ரீம் கோர்ட்டு அந்த மாதம் 22ந் தேதி அதை நிறுத்தி வைத்து, என்ன உணவு என்று எழுதினால் போதும், யாருடைய கடை என்று எழுதும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அதே வருஷம் மார்ச்சில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று, சைவர்களுக்கு என்று தனி ஆட்களை ஏற்படுத்தி, அவர்களுக்குப் பச்சைச் சட்டையும் போடப் போவதாக அறிவித்தது. கண்டனம் கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. 2018 டிசம்பரில் சென்னையிலேயே, விஞ்ஞானம் படிக்கின்ற ஐ.ஐ.டி.யின் சாப்பாட்டு விடுதியில் சைவருக்கு ஒரு வாசல், அசைவருக்கு ஒரு வாசல், கை கழுவுவதற்கும் தனித் தொட்டி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ராக்கெட்டு விடப் படிக்கின்ற இடத்தில் கை கழுவும் தண்ணீருக்குத் தீட்டு! இதைவிட விந்தை புராணத்தில்கூட இல்லை.

‘ஒருவன் மாமிசம் தின்னாமலிருப்பது அவனுடைய இஷ்டம் அல்லவா?’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். தாராளமாக இருக்கட்டும். அவன் இலையில் அவனுக்கு வேண்டாததை வைக்க யாருக்கும் பாத்தியதை இல்லை. நமக்கு விரோதம் கத்தரிக்காயின் மேல் அல்ல. ஆனால் தனது இலையில் மீன் வேண்டாம் என்பது ருசி. அடுத்தவன் இலையில் மீன் இருந்தால் அவன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பது ஜாதி. சர்க்கார் 2014ல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். அப்படியிருக்க 3 பேர் சாப்பாடு ‘உயர்தரம்’ என்றும், 97 பேர் சாப்பாடு ‘மிலிட்டரி’ என்றும் பலகை எழுதியது யார்? அந்தப் பலகையைப் படித்துவிட்டு வெட்கப்படாமல் உள்ளே போகின்றவர்கள் யார்? நாம்தானே! தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது, ‘ஐயர் சமையல், அவசியம் வாருங்கள்’ என்று தலை நிமிர்ந்து சொல்லுகின்ற பார்ப்பனரல்லாத கனவான்களை நாம் பார்க்கவில்லையா? தன் தாயும் தங்கையும் சமைத்தது தாழ்வு என்று தன் வாயாலேயே சொல்லிக் கொள்ளுகின்ற இவர்கள் பார்ப்பனீயத்தைத் திட்டுவதில் என்ன பிரயோஜனம்?

ஹோட்டலில் ஏன் ஜாதி தெரிவதில்லை என்றால் அங்கு காசு பேசுகின்றது. காசு பேசி முடிந்தவுடன் ஜாதி தன் வாயைத் திறக்கின்றது. மாடிக் கட்டடங்களில் குடியிருக்கின்ற பெரிய மனிதர்கள் ஹோட்டலில் இருந்து உணவைத் தருவித்துச் சாப்பிடுகிறார்கள். அதைச் சமைத்தவன் யாரோ, தூக்கி வருகின்றவன் யாரோ. அந்தப் பையன் கையிலிருந்து பொட்டலம் வாங்கலாம். அதில் உள்ளதை வாயில் போடலாம். ஆனால் அவன் மேலே ஏறுகின்ற லிப்டில் வரக் கூடாது என்று சில இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்களே, இதன் பெயர் என்ன? அதே வீட்டில் பாத்திரம் துலக்குகின்ற அம்மாளுக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறார்களே, இதன் பெயர் என்ன? அவள் கழுவிய தட்டில் சாப்பிடலாமாம். அவள் குடித்த தம்ளரில் குடிக்கக் கூடாதாம்!

இதன் பலனைப் பிள்ளைகள் அனுபவிக்கின்றன. 2018ல் திருப்பூர் ஜில்லா அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆதிதிராவிடப் பெண்மணி சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் தடுத்தார்கள். 2023ல் கரூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் இதே காரணத்தால் குழந்தைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. கலெக்டர் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. ஆறு வயதுக் குழந்தைக்குப் பசி தெரியுமே ஒழிய ஜாதி எப்படித் தெரியும்? அந்தக் குழந்தையைத் தடுத்த தகப்பன் பட்டணத்துக்குப் போனால் எந்த ஹோட்டலிலாவது சமையற்காரனுடைய ஜாதியைக் கேட்டுவிட்டா கை நனைக்கின்றான்?

ஆகவே தோழர்களே, ஹோட்டலில் கூடிச் சாப்பிடுவது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது நல்ல ஆரம்பம். ஆனால் ஆரம்பத்தையே முடிவென்று நினைப்பது ஏமாளித்தனம். 1936லேயே டாக்டர் அம்பேத்கர் அவர்கள், ‘ஜாதி ஒழிப்பு’ப் பற்றி எழுதியபோது, கூடிச் சாப்பிடுவதால் மாத்திரம் ஜாதி போய்விடாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். ஹோட்டல் மேஜைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கின்றது. அந்த வீட்டுக்குள் ஒரு அடுப்படி இருக்கின்றது. அதன் வாசற்படியைத் தாண்டாதவன் பந்தலுக்கு எப்படிப் போவான்?

வாசகர்களை நாம் கேட்டுக் கொள்ளுவது பெரிய காரியம் அல்ல. மாநாடு வேண்டாம், தீர்மானம் வேண்டாம். உங்களோடு ஹோட்டலில் சாப்பிடுகின்ற வேறு ஜாதித் தோழர் ஒருவரை, அவர் மனைவி மக்களோடு உங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு, உங்கள் வீட்டார் சாப்பிடுகின்ற அதே பாத்திரத்தில், அதே வரிசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். பிறகு, இதுதான் முக்கியம், அவர் வீட்டுக்கு உங்கள் மனைவி மக்களோடு போய் அவர் போட்டதைச் சாப்பிடுங்கள். சோறு போடுவது சுலபம். அதில் கொடுத்தோம் என்ற கர்வம் இருக்கும். கை நீட்டி வாங்கிச் சாப்பிடுகின்றபோதுதான் அந்தக் கர்வம் கரையும். ‘வீட்டில் அம்மா ஒப்ப மாட்டாள்’ என்று பழியைக் கிழவியின் மேல் போட்டுத் தப்பித்துக் கொள்ளுகிறவர்கள், அந்தக் கிழவி வேண்டாம் என்ற எத்தனை காரியங்களைத் தங்கள் லாபத்துக்காக இதுவரை செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை நாம் நமது உபாத்தியாயத் தோழர் வீட்டுக்குப் போகின்றோம். நாமே கேட்டு வாங்கிக் கொண்ட அழைப்பு. இருபது வருஷம் தாமதித்த விருந்து என்றபடியால் இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை, வெட்கப்படத்தான் இருக்கின்றது. அன்று இலையில் என்ன இருந்தாலும் சரி, மறு சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதென்று தீர்மானித்திருக்கின்றோம். வாசகர்களுடைய ஞாயிற்றுக்கிழமை எது?