நம் ஊரின் பழைய படங்கள்

சிதம்பரம், கடலூர், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களின் பழைய புகைப்படங்களையும் சித்திரத் தபால் அட்டைகளையும் இணையத்தில் தேடிக் காணும் பழக்கம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. இது மகிழத்தக்கதே. முன்னாளில் லண்டன் நகரத்துப் புத்தகசாலைக்குச் சென்று, உத்தரவு பெற்று, கையுறையணிந்து பார்க்க வேண்டியிருந்தவற்றுள் பலவற்றை இன்று பிச்சாவரத்துப் படகுத் துறையில் அமர்ந்தவாறே கைப்பேசியிற் காணலாம். ஆயினும் அங்ஙனம் கிடைக்கும் படங்களையே நம் ஊரின் சரித்திரமெனக் கொள்வது பொருந்துமா என்பதையும், நம் இல்லங்களில் உள்ள படங்களின் கதி யாது என்பதையும் ஒருசேரச் சிந்தித்தல் வேண்டும்.

தேடுவோர் முதற்கண் அறிய வேண்டுவது, நம் ஊர்ப்பெயர்கள் ஐரோப்பியர் நாவிற் பட்ட பாடு. சிதம்பரம் அவர்கள் ஏடுகளில் ‘சில்லம்பரம்’ ஆயிற்று. பரங்கிப்பேட்டை போர்ச்சுகீசியர் இட்ட பெயரால் ‘போர்ட்டோ நோவோ’, கொள்ளிடமோ ‘கோல்ரூன்’. கடலூர் மாவட்டமென்னும் பெயரே 1993-ஆம் ஆண்டில் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது எழுந்தது. ஆதலால் பழைய பட்டியல்களில் தென்னாற்காடு என்றே தேடுதல் வேண்டும். கடலூரை அடுத்த கோட்டை, ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் மராத்தியரிடம் விலைக்கு வாங்கி ‘செயின்ட் டேவிட்’ எனப் பெயர் வழங்கியது. இப்பெயர்களை அவர்கள் எழுதிய ஆங்கில எழுத்துக்களிலேயே இட்டுத் தேடினாலன்றிப் பல படங்கள் வெளிப்படா.

கிடைத்த பின்னரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. இந்திய அஞ்சல் துறையார் 1879-இல் காலணா விலையில் வெளியிட்ட தபால் அட்டை வெறும் எழுத்துக்கு மட்டுமே இடந்தந்தது. சித்திர அட்டைகள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவற்றுட் பல ஜெர்மனி தேசத்து அச்சுக்கூடங்களில் அச்சானவை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டியவர் கோபுரத்தைக் கனவிலும் கண்டிலர். தம் மனம் போனவாறு நிறம் பூசினர். ஓரூரின் படத்துக்கு வேறோர் ஊரின் பெயரை இடுதலும் உண்டு. கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டமையால் இடம் வலமாக மாறியவையும் உள. இதனை அறிய நம் நாட்டார்க்கு ஓர் எளிய வழி உண்டு. தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடி இடத் திருவடி. படத்திலுள்ள சிற்பத்தில் அது வலமாகத் தோன்றுமாயின், அஃது ஒன்று மதுரை வெள்ளியம்பலத்துக் கால்மாறிய கோலமாக இருத்தல் வேண்டும், அன்றேல் படம் தலைகீழாகாமல் பக்கம் மாறியதாகும்!

இனி, படமெடுத்தவர் யாவர், எதன்பொருட்டு எடுத்தனர் என்பதை நோக்குவோம். கம்பெனியாரின் சேனையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துச் சாசனங்களை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்தார். அந்நீண்ட படம் பத்தொன்பது அடிக்கு மேற்பட்டது. அவர்தம் பொறுமையைப் போற்றாதிருக்க இயலாது. அக்காலத்தில் படமெடுப்போர் ரசாயனப் பொருள்களையும் இருட்டுக் கூடாரத்தையும் வண்டியிலேற்றிச் செல்ல வேண்டியிருந்தது. எனவே வண்டி செல்லும் பாதையும், படத்தை வாங்குவோரும் உள்ள இடங்களையே நாடினர். கோயில்கள், கோட்டைகள், துரைமார் மாளிகைகள் இவையே மிகுந்து கிடைப்பதற்கு இதுவே காரணம். மனிதர் தென்பட்டாலும், கோபுரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக ஒருவன் நிறுத்தப்பட்டிருப்பான். அட்டைகளிலோ ‘நீர் முகக்கும் பெண்’, ‘நாவிதன்’, ‘பாம்பாட்டி’ எனத் தொழிலும் சாதியும் எழுதப்பட்டிருக்கும்; பெயர் இராது. ஊர் முழுவதும் அறிந்த ஒரு மனிதர், கடல் கடந்து சென்றவுடன் பெயரற்ற ஒரு மாதிரியாகிவிட்டார்.

பிச்சாவரத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னை வேர்கள் நீரில் ஊன்றி நிற்கும் அக்காட்டினுள் வண்டிப் பாதை ஏது? 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ என்னும் திரைப்படத்தில் எம்.ஜி.ஆர். அங்குத் தோன்றிய பின்னரே அதன் உருவம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. இன்று இணையத்தில் அவ்விடத்தின் பெயரை இட்டால் உல்லாசப் பிரயாணிகள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. அவற்றில் படகு இருக்கின்றது. இடுப்பளவு நீரில் நின்று இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் அரிதினும் அரிதாகவே உளர். காட்டைக் கூறு கூறாக வெட்டிய காலமும், வெட்டிய நிலம் தாழ்ந்து உவர்நீர் தேங்கி மரம் முளையாதொழிந்த காலமும், 1990-களில் மீன்முள்ளைப் போலக் கால்வாய்கள் கிளைபிரித்து வெட்டி மீட்ட காலமும் கண்ட மக்கள் அவர்கள். அவர்தம் முகங்களும் பெயர்களும் இல்லாத படத்தொகுதியைப் பிச்சாவரத்தின் சரித்திரமென்று யாம் ஒப்போம்.

அம்முகங்கள் எங்கே கிடைக்கும்? கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் உள்ள வீட்டுச் சுவர்களிலும் தகரப் பெட்டிகளிலும்தான். திரைச்சீலையில் தீட்டிய மாளிகைக்கு முன் மணமக்கள் விறைப்பாக நிற்கும் ஸ்டூடியோப் படம் நமக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் உடுத்த சேலை, அணிந்த நகை, அருகே நிற்போர் என யாவற்றையும் தாமே தேர்ந்து, இங்ஙனம் எம்மைக் காண்மின் என்று நம்மவர் நின்ற படம் அதுவே. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி மின்வடிவில் ஏற்றியிருக்கின்றனர். அதற்கு நாம் கடப்பாடுடையோம். எனினும் வீடு வீடாகச் செல்லுதல் அயலூரார்க்கு எளிதன்று.

காலமும் அதிகமில்லை. நம் மாவட்டத்தில் காகிதத்துக்குப் பகை நீர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை கரையோரக் குப்பங்களிற் புகுந்தது, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளைப் பெயர்த்தது, 2015-இல் பெருவெள்ளம். உயிரும் உடைமையும் இழந்தோர்க்குப் படத்தைப் பற்றி நினைக்க நேரமிருந்திராது. ஆயினும் இறந்த மகவின் ஒரே படத்தையும் அலை கொண்டுபோயிற்றே எனப் பின்னர் வருந்தாத தாய் உண்டோ? ஸ்டூடியோக்களின் கதியும் இதுவே. கடையை மூடும்போது கண்ணாடித் தகடுகள் குப்பைக்குச் சென்றன. படச்சுருள்கள் வெள்ளி பிரித்தெடுப்போரிடம் எடைக்குப் போயின.

பெரிய நூலகங்கள் காத்துக்கொள்ளும், நமக்கேன் இவ்வேலை என்பார் உளர். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, அதன் மின்தொகுதிகளைப் பல மாதங்கள் ஒருவரும் காணக்கூடாமற் போயிற்று. ஒரு பிரதி ஓரிடத்தே மட்டும் இருத்தல் எங்கும் அபாயமே. குடும்பப் பெண்டிரின் படங்களை உலகறிய வெளியிடுவதா என்னும் மற்றொரு தடை நியாயமானது. அதற்கு விடை எளிது: பிரதி எடுத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. உரியவர் இசைந்தாலன்றி நூலகத்துக்கு வெளியே அப்படம் செல்லலாகாது.

நம் கலாசாலையின் பழைய மாணவர் கூடும் நாளில், ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் படங்களுள் இரண்டொன்றைக் கொணர்ந்தாற் போதும். நூலகத்திலேயே பிரதி செய்து, அன்று மாலைக்குள் மூலத்தைத் திருப்பித் தரலாம். கைப்பேசியில் எடுப்போர் கண்ணாடிச் சட்டத்தினின்று படத்தைக் கழற்றி, சன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுக்க. ஒட்டிக்கொண்டிருப்பின் கழற்றாமலே விடுக. படத்தின் பின்புறத்தையும் தவறாது எடுக்க, ஸ்டூடியோவின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாணவர் இருவர் மூவராய் வீட்டு முதியோரை அணுகி, இடமிருந்து வலமாக நிற்போர் யாவர், எவ்வூர், எவ்வாண்டு எனக் கேட்டுத் தனித்தாளில் எழுதிச் சேர்ப்பாராக. இவ்வேலையை மட்டும் கோடை விடுமுறைக்கு அப்பால் ஒத்திவைக்க வேண்டா. படத்தை அடுத்த ஆண்டும் பிரதி எடுக்கலாம், பெயர் சொல்ல வல்ல பாட்டிக்கு வயது எண்பத்தைந்து.