கூடைக்குள் நுழையும் ஒரு ரூபாய்

தில்லியின் பழைய ராஜேந்திர நகரிலும் முகர்ஜி நகரிலும் சிறிய அறைகளில் தங்கி, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் வெளிமாநில மாணவர்களுக்குக் கடைத்தெரு என்பது பெரும்பாலும் கைப்பேசித் திரைதான். காலைக்குப் பால், இரவுக்குச் சப்பாத்தி, ஊருக்குப் போக ரயில் பயணச்சீட்டு, மாதிரித் தேர்வுகளுக்கான சந்தா என எல்லாமே அதில் அடக்கம். வீட்டிலிருந்து வரும் பணமோ அளவானது. எனவே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை வரிவரியாகப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

அப்படிப் பார்க்கும் மாணவர் ஒருவரின் கண்ணில் என்னவெல்லாம் படக்கூடும் என்று எண்ணிப் பார்க்கலாம். 'முதல் மாதம் இலவசம்' என்று சேர்ந்த சந்தா, அவர் மறந்துவிட்ட பிறகும் மாதந்தோறும் கழிக்கப்படுகிறது. பத்து நிமிடத்தில் வந்த ரொட்டியின் விலையோடு கையாளும் கட்டணம், சிறிய கொள்முதல் கட்டணம், மழைக் கட்டணம் ஆகியவையும் சேர்ந்து வந்திருக்கின்றன. சினிமா டிக்கெட்டுக்குத் தாம் கொடுத்ததாக நினைவில்லாத ஒரு நன்கொடையும் பட்டியலில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை எண் மாறாமல் ஒப்பிக்கக்கூடிய அந்த மாணவர் இதைப் பார்த்ததும் முதலில் என்ன நினைப்பார்? "நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை" என்றே நினைப்பார். இணையதள நிறுவனங்களின் பெரிய பலம் இந்த நினைப்புதான்.

உண்மையில் அது கவனக்குறைவா? பொருளை வாங்க ஒரு தட்டு போதும். சந்தாவை ரத்து செய்யவோ ஐந்தாறு பக்கங்களைக் கடக்க வேண்டும். வாங்கும் பொத்தான் பளிச்சென்ற நிறத்தில் பெரிதாக இருக்கும். 'வேண்டாம்' என்பது சாம்பல் நிறத்தில், பொத்தானா வெறும் எழுத்தா என்று தெரியாத வடிவில் இருக்கும். எளிமையான பக்கம் அமைக்கத் தெரியாதவர்கள் அல்லர் இந்த வடிவமைப்பாளர்கள். எந்த இடத்தில் எளிமை வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்று திட்டமிட்டே அமைக்கிறார்கள் என்பது கண்கூடு.

இந்த உத்திக்கு 2010-ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல். 'டார்க் பேட்டர்ன்' என்று அவர் அழைத்ததை, பயனரைத் தவறான முடிவுக்குத் தள்ளும் ஏமாற்று வடிவமைப்பு என்று விளங்கிக்கொள்ளலாம். இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் அந்தச் சொல் நுழைய மேலும் 13 ஆண்டுகள் ஆயின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தற்செயலாக அதே எண்ணிக்கையில், 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டன.

அந்தப் பட்டியலைப் படிக்கும் எவருக்கும் தங்களுடைய கைப்பேசியே நினைவுக்கு வரும். 'இன்னும் இரண்டு அறைகளே உள்ளன, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற பாணியில் உருவாக்கப்படும் பொய்யான அவசரம் ஒரு வகை. கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நழுவ விடுவது இன்னொன்று. முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் செலுத்தும் பக்கத்தை அடைந்த பிறகு கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது மற்றொன்று. சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் அமைந்த சந்தாப் பொறியும் பட்டியலில் உண்டு. மறுப்பவரை வெட்கப்பட வைப்பதும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. விமானப் பயணத்துக்குக் காப்பீடு வேண்டாம் என்பவர் 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்ற வாசகத்தைத் தொட வேண்டியிருப்பதை நெறிமுறைகளே எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன.

இவை கற்பனையான எடுத்துக்காட்டுகள் அல்ல. ஒரு சினிமா டிக்கெட் விற்பனைத் தளம் ஒவ்வொரு டிக்கெட்டுடனும் ஒரு ரூபாய் நன்கொடையைத் தானாகவே சேர்த்து வந்தது. ஆணையம் தலையிட்ட பிறகே, விரும்புவோர் மட்டும் தேர்ந்தெடுக்கும்படி அது மாற்றப்பட்டது. ஒரு ரூபாய்தானே என்று தோன்றலாம். கணக்குப் பார்த்துப் புகார் செய்ய எவருக்கும் தோன்றாத அளவுக்குச் சிறியதாக அத்தொகை இருப்பதுதான் அந்த உத்தியின் சாமர்த்தியம். உணவு விநியோகத்தில் இரு பெரிய நிறுவனங்களும் 2023-ல் 'தளக் கட்டணம்' என்ற பெயரில் இரண்டு ரூபாயில்தான் தொடங்கின. 2025-க்குள் அது பத்து ரூபாயைத் தாண்டியது.

கூடையில் நழுவ விடுவதைத் தடுக்க 2023 வரை காத்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள், நுகர்வோரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்த கட்டங்கள் மூலம் பெறக்கூடாது என்று தெளிவாகவே கூறுகின்றன. விதி வந்து மூன்றாண்டுகள் கழித்து அதே செயலுக்குப் புதிய பெயர் சூட்டி நெறிமுறை வெளியிட வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்த விதி எங்கே இருந்தது?

நெறிமுறைகளுக்குப் பிறகு நடந்தவை எவை? 2024 அக்டோபரில், வாடகைக் கார் சேவையான ஓலா நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும்போது கூப்பனாக மட்டும் தராமல், வங்கிக் கணக்கில் பெறும் வாய்ப்பையும் வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. 2025 மே மாதத்தில், பயணம் தொடங்கும் முன்பே 'டிப்ஸ்' கேட்ட ஊபர் நிறுவனத்தின் வழக்கத்தை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி வெளிப்படையாகக் கண்டித்தார். ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பாராட்டத்தக்க நடவடிக்கைகள்தாம். ஆனால் அடுத்த மாதமே வந்தது ஒரு விநோதமான ஏற்பாடு. மின்வணிக நிறுவனங்கள் தங்கள் தளங்களைத் தாங்களே மூன்று மாதங்களுக்குள் தணிக்கை செய்துகொண்டு, ஏமாற்று வடிவமைப்பு இல்லை என்று தாங்களே உறுதியளிக்கலாம் என்பதே அந்த அறிவுரை. நவம்பரில் 26 நிறுவனங்கள் அவ்வாறு உறுதிமொழி அளித்திருப்பதாக அரசு அறிவித்தது. இந்த விவகாரம் நாடாளுமன்றத்தில் எழும்போது அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில்களில் நெறிமுறையும் அறிவுரையும் சுயதணிக்கையும்தான் வரிசையாக இடம்பெறுகின்றன.

தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்திக்கொள்ளலாம் என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் அறிவித்தால் முகர்ஜி நகரில் என்ன வரவேற்பு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுப்பாடு விதித்தால் புதுமை முடங்கிவிடும், இந்தத் துறைக்குச் சுயகட்டுப்பாடே ஏற்றது என்று நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படுகிறது. முற்றிலும் புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல இது. 2002-ல் ரயில்வேயின் இணையவழி முன்பதிவு வருவதற்கு முன் பயணச்சீட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு இணையதளம் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது தெரியும். ஆயினும் கட்டாய விதி வந்தால் துறை முடங்கிவிடும் என்பதற்கு எதிரான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதைச் செய்தது நுகர்வோர் அமைச்சகம் அல்ல, ரிசர்வ் வங்கி.

2021 அக்டோபர் 1 முதல், தொடர் சந்தாக்களுக்காக அட்டையிலிருந்து பணம் கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும், விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் கூடுதல் ஒப்புதல் பெற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. முதலில் 5,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2022-ல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொடக்கத்தில் கூச்சல் எழாமல் இல்லை. பல சந்தாக்கள் தடைபட்டன, நிறுவனங்கள் முணுமுணுத்தன. பிறகு எல்லோரும் பழகிக்கொண்டனர். சந்தா வணிகம் அழிந்துவிடவும் இல்லை. ரிசர்வ் வங்கி எந்த நிறுவனத்தின் நல்லெண்ணத்தையும் நம்பவில்லை. பணம் கழிக்கும் இடமான வங்கியிலேயே தடுப்பை வைத்தது. அதனால்தான் அது வேலை செய்கிறது. எங்கோ ஒரு பக்கத்தில் மறைந்திருக்கும் ரத்துப் பொத்தானைத் தேடாமலேயே, மறுநாள் பணம் கழியப்போகிறது என்ற குறுஞ்செய்தியைப் பார்த்து மாணவர் விழித்துக்கொள்ள முடிகிறது.

அமெரிக்காவில் கதை வேறு. 'பிரைம்' சந்தாவில் மக்களை அறியாமலேயே சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமேசான் மீது அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. விலகும் வழிமுறைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று ஆணையம் கூறியது. ஹோமரின் நீண்ட காவியத்தின் பெயர் அது. எவ்வளவு தொலைவு நடக்க வைக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது போலும். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்கே திரும்பச் செல்லும் தொகை. இந்தியாவில் தவறான விளம்பரத்துக்காக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கும் அபராதம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை. கோடிக்கணக்கானோர் வந்துபோகும் தளத்துக்கு இது ஒரு பொருட்டா?

நிறுவனங்களை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஒருவர் விரும்பாததை ஒப்புக்கொள்ள வைப்பது ஒரு கொடுமை என்றால், விரும்பியதைச் செய்ய முடியாமல் தடுப்பது இன்னொரு கொடுமை. அரசுத் தளங்களில் இரண்டாவது வகை அதிகம். 2024 நவம்பரில் எல்ஐசி இணையதளத்தின் முகப்புப் பக்கம் இந்தியில் தோன்றியபோது தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். ஆங்கிலத்துக்கு மாறுவதற்கான தெரிவுகூட இந்தியில்தான் எழுதப்பட்டிருந்தது என்று முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அப்போது சுட்டிக்காட்டினார். தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கமளித்து எல்ஐசி அதைச் சரிசெய்தது. கோளாறாகவே இருக்கட்டும். மொழிக் கொள்கையை ஒதுக்கிவைத்துவிட்டு வடிவமைப்பாக மட்டும் பார்த்தாலும், வெளியேறும் வழியை உள்ளே சிக்கியவருக்குப் புரியாத மொழியில் எழுதிவைத்த கட்டடத்துக்கு எந்த நகராட்சியும் அனுமதி தராது.

இதைவிடக் கடுமையான நிலையில் இருந்தவர்கள் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில், கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அமிலத் தாக்குதலில் இமைகள் சிதைந்த ஒருவர் எப்படிக் கண் சிமிட்டுவார்? பார்வையற்றவர் திரையின் சட்டத்துக்குள் முகத்தை எப்படிப் பொருத்துவார்? 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு அளித்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று கூறி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

அதற்கு முன், 2024 நவம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பும் இங்கே பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி பற்றிய 2017-ஆம் ஆண்டின் 15-ஆவது விதி, வெறும் பரிந்துரை நெறிமுறைகளின் தொகுப்பாக இருப்பதாகவும், கட்டாயத் தரங்களை வகுக்கும்படி சொல்லும் மூலச் சட்டத்துக்கு அது முரணானது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. செய்தால் நல்லது என்பது வேறு, செய்தே ஆக வேண்டும் என்பது வேறு என்ற இந்த வேறுபாட்டை நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்காக வலியுறுத்தியது. நுகர்வோருக்கு அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துடையது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு முன்மாதிரியைக் காட்டியிருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது 2023-ல் நிறைவேறிய அச்சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம். தரவைத் தருவதற்கான சம்மதத்துக்குத் தாய்மொழி வேண்டும் என்றால், பணத்தைத் தருவதற்கான சம்மதத்துக்கு ஏன் வேண்டாம்? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தமிழ் உள்பட 17 மொழிகளில் புகார் சொல்ல முடிகிறது. ஏமாந்த பிறகு தமிழில் புலம்பலாம், ஏமாறுவதற்கு முன் தமிழில் படிக்க இயலாது என்பதே பல தளங்களில் இன்றுள்ள நிலை.

இப்போதைக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. உறுதிமொழிக் கடிதம் என்பது ஒன்று, தணிக்கை அறிக்கை என்பது வேறொன்று. 26 நிறுவனங்களும் தங்கள் தளங்களில் எத்தனை ஏமாற்றுகளைக் கண்டன, அவற்றில் எத்தனையை எந்தத் தேதியில் நீக்கின, அதுவரை அவற்றால் வசூலான தொகை எவ்வளவு, அது யாருக்குத் திருப்பித் தரப்பட்டது என்று நட்சத்திரக் குறியிட்ட ஒரு கேள்வியை எழுப்பலாம். அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய வகை அது. துணைக் கேள்விகளுக்கும் இடம் உண்டு. அந்தப் பதிலில் ஒரு ரூபாய்க் கணக்கும் இருக்குமா என்று பார்க்க, ராஜேந்திர நகரில் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஆர்வம் இருக்கும்.