சுருங்கலாம், சிதையலாகாது

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர் நம் முன்னோர். கணிப்பொறியில் சுருக்கப்படும் ஒளிப்படத்திற்கும் இம்முதுமொழி பொருந்துமா? இன்று நம் சமுதாயம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

இல்லந்தோறும் அலமாரிகளிலும் மரப்பெட்டிகளிலும் உறங்கிக் கிடக்கும் கிஸ்ஸாக்கள், மாலைகள், முனாஜாத்துகள், அரபுத்தமிழ்க் கையேடுகள் முதலியவற்றை மாணவர் பலர் ஆர்வத்துடன் ஒளிப்படமாக்கி வருகின்றனர். இப்பணி போற்றற்குரியது. ஆயின், படமெடுத்தபின் நிகழ்வது யாது? 6000 படப்புள்ளி நீளமும் 4000 படப்புள்ளி அகலமும் கொண்ட ஒரு படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் அடங்கியுள்ளன. இத்தகைய படங்கள் முந்நூறு சேரின், அவற்றை அனுப்புவதும் வைத்துக் காப்பதும் அரிதாகிவிடுகின்றன. எனவே, அனைத்தையும் ஒருசேரச் சுருக்கிவிட முனைகின்றனர்.

அதற்கான மென்பொருள்களும் எளிதில் கிடைக்கின்றன. பொஸ்னியாவைச் சேர்ந்த இர்ஃபான் என்பார் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட இர்ஃபான்வியூ, 1990-இல் வெளிவந்த இமேஜ்மேஜிக் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கன. ஒரே கட்டளையில் முந்நூறு படங்களையும் சில நிமிடங்களில் சுருக்கித் தருவன இவை. இவ்வசதியை நாம் குறைகூற வரவில்லை. வசதியில் மயங்கி மூலத்தை இழத்தலாகாது என்பதே நம் கருத்து.

நீளம், அகலம் இரண்டையும் ஐந்தில் ஒரு பங்காக்கினால் இருபத்தைந்து படப்புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. திருமணப் படத்திற்கு இதனால் பெருங்கேடில்லை. அரபுத்தமிழ் ஏட்டின் நிலை வேறு. அரபியில் பா, தா, ஸா என்னும் மூன்றெழுத்துகளின் வடிவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க, அரபி எழுத்துகளின்மேல் மேலும் புள்ளிகளை இட்டுக்கொண்டனர் நம் ஆலிம்கள். அங்குலத்திற்கு 300 படப்புள்ளி என்னும் அளவில் பதிவான ஏட்டில், அரை மில்லிமீட்டர்ப் புள்ளியொன்று ஏறத்தாழ ஆறு படப்புள்ளி அகலம் பெறும். ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிய படத்திலோ அதற்குக் கிடைப்பது ஒன்றே. மை மங்கிய ஏடாயின் அதுவும் கறையோடு கறையாய்க் கலந்துவிடும். புள்ளி மறைந்தால் எழுத்து மாறும்; எழுத்து மாறினால் சொல் மாறும்; சொல் மாறினால் பொருளே மாறிப்போகும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. இமேஜ்மேஜிக்கின் மாக்ரிஃபை என்னும் கட்டளை, வேறிடம் குறிக்காவிடில், சுருக்கிய படத்தை மூலப்படத்தின்மீதே எழுதிவிடும். முந்நூறு மூலங்களும் நொடிப்பொழுதில் அழிந்தொழியும். சிறிய படத்தை மீண்டும் பெரிதாக்கலாம். இழந்த புள்ளியை மீட்கலாகாது.

ஆதலின், மாணவர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் நன்று. மூலப்படங்களைத் தனியே இரண்டு கருவிகளிலேனும் படியெடுத்து வைத்தபின்னரே சுருக்கத் தொடங்குக. சுருக்கியவற்றை வேறோர் உறையில் சேர்த்திடுக. நீளம், அகலம் இரண்டையும் ஒரே அளவாக எல்லாப் படங்களுக்கும் வரையறுத்தால் எழுத்துகள் நசுங்கக்கூடும். நீண்ட பக்கத்தை மட்டும் வரையறுத்து, மற்றதை விகிதப்படி அமைய விடுக. முன்னரே சுருக்கிய ஜேபெக் படத்தை மீண்டும் சுருக்காது, ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே தொடங்குக. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஏடுகளுக்குப் பொருந்தாது. இருப்பனவற்றுள் மிக மங்கிய ஏட்டை முதலில் சுருக்கிப் படித்துப் பார்த்து, அதற்கேற்ற அளவையே ஏனையவற்றிற்கும் கொள்க.

இத்தனை மூலங்களையும் சேமிக்கச் செலவாகுமே என்பார் உளர். சேமிப்புக் கருவியை மீண்டும் விலைக்கு வாங்கலாம். செல்லரித்த கையேட்டை எவ்விலை கொடுத்தும் வாங்கவியலாது. அக்கருவிகளை வாங்கித் தருவது சமுதாயப் பெரியோர் செய்யத்தக்க நற்பணியாகும்.

பெரியோர் நம்பி ஒப்படைக்கும் ஏடு ஓர் அமானிதம். அதன் ஒளிப்படமும் அமானிதமே. அமானிதத்தைப் பெற்றவாறே திருப்பித் தருதல் நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். அனுப்புவதற்குச் சிறியது போதும். நாளைய தலைமுறைக்கு முழுமையானதே வேண்டும். இரண்டையும் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்!