வென்ற தளபதியும் இல்லாத மாடுகளும்

1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்த பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் பெருமை, 1781-ல் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியுடனான போரில் சற்றே வெளுக்கிறது. ஜூனில் சிதம்பரம் கோயில் அரணைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில், தம் படையைவிடப் பன்மடங்கு பெரிய ஹைதர் அலியின் படையை வென்றார், துரத்தத்தான் முடியவில்லை. குதிரைப்படை போதாது, பீரங்கி இழுக்க மாடு போதாது, அரிசிக்கோ கடலை நம்பியிருந்தார்.

சிறு படையோடு வென்றது திறமையில்லையா என்று கேட்கலாம். திறமைதான், அதை மறுப்பது அற்பத்தனம். ஆனால் அந்தச் சிறு படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். வெற்றியை நிலமாக மாற்றுவதோ வண்டிமாடுகளின் கையில் இருந்தது. 1783 ஏப்ரலில் சென்னையில் அவர் இறந்தபோதும் போர் முடிந்திருக்கவில்லை.